கொழுப்பு மாத்திரை போடறவங்க நடைப்பயிற்சியை நிறுத்தணுமா?

மஞ்சக்குப்பத்தான்:
அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின்னு ஸ்டாட்டின் வகை கொழுப்பு மாத்திரை எதை எடுத்தாலும் தசைவலி வரலாம்னு உள்ளே இருக்கற தாளிலேயே போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு மாத்திரையும் கொடுத்து, தினம் 5 கிலோமீட்டர் நடன்னும் விரட்டறாங்க? மாத்திரை ஆரம்பிச்சா மூணு மாசம் பயிற்சியை விடணும். ரெண்டும் சேராது.

கடற்கரைச்சாலை:
சேராதுன்னு எங்கே இருக்கு சார்? தேவனாம்பட்டினம் மணல்ல நடக்கறதும் புதுச்சேரி காந்தி சிலை பக்கம் தளத்துல நடக்கறதும் ஒண்ணா? மணல்ல ஒவ்வொரு அடிக்கும் குதிகால் உள்ளே இறங்கும், கெண்டைக்கால் இழுபடும். பழகாத கால் மாத்திரை போடாமலே மறுநாள் பிடிக்கும். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துல உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள்ள அடங்கிடும். மாத்திரை வலி வேற ரகம்: ரெண்டு தொடை, ரெண்டு கெண்டைன்னு இருபக்கமும் வரும், ஓய்வெடுத்தாலும் விடாது. பெரும்பாலும் ஆரம்பிச்ச, இல்ல அளவு கூட்டின சில வாரத்துல தெரியும்.

மஞ்சக்குப்பத்தான்:
அப்போ வலிக்குதுன்னு சொல்றவங்க எல்லாம் கற்பனை பண்றாங்களா?

மருந்துப்பெட்டி:
வலி நிஜம்தான், காரணம்தான் கேள்வி. 2020ல் வந்த சாம்சன் ஆய்வுல, பக்கவிளைவுன்னு ஸ்டாட்டினை நிறுத்தின 60 பேருக்கு மாசம் மாத்தி மாத்தி நிஜ மாத்திரை, வெத்து மாத்திரை, காலி டப்பா கொடுத்தாங்க. நிஜ மாத்திரையில வந்த தொந்தரவுல 90 சதவீதம் வெத்து மாத்திரையிலும் வந்துச்சு. ஆனா கடற்கரைச்சாலை ஒண்ணை விட்டுட்டார். நடந்தா கெண்டை பிடிச்சு, நின்னா சில நிமிஷத்துல விடுதுன்னா அது மாத்திரையும் இல்ல, மணலும் இல்ல. காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா ரத்தக்கட்டியான்னு அன்னிக்கே பார்க்கணும்.

மஞ்சக்குப்பத்தான்:
சரி, ரத்த டெஸ்ட்ல சிபிகேங்கற தசை நொதி எகிறினா? அது தசை சிதையறதுக்கு அடையாளம்தானே?

கடற்கரைச்சாலை:
பளு தூக்கினாலே சிபிகே எகிறும். மாடிப்படி இறங்கறது ஏறறதை விட மோசம், தொடைத்தசை நீண்டுக்கிட்டே சுமையைத் தாங்குதே! லேப் தாளில் இருக்கற மேல் எல்லையைப் போல 10 மடங்கு தாண்டினா மாத்திரையை நிறுத்திடுவாங்க. வலியோட 4 மடங்கு தாண்டினாலும் அப்படித்தான், திரும்ப டெஸ்ட் எடுப்பாங்க. சிறுநீர் டிகாஷன் நிறத்துல போச்சு, கை கால் தளர்ந்துச்சுன்னா எண்ணைப் பார்த்துட்டு உட்கார வேணாம், நேரா அவசர சிகிச்சைதான்.

மருந்துப்பெட்டி:
தைராய்டு குறைவும் வைட்டமின் டி குறைவும் இருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க, மாத்திரை மேல பழி போடறதுக்கு முன்னாடி. சளிக்குன்னு கிளாரித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக் எழுதினா, அட்டோர்வாஸ்டாட்டின் போடறதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். ரத்தத்துல அதோட அளவு ஏறிடும். தசைவலிக்குன்னு கோஎன்சைம் க்யூ10 சத்து மாத்திரை வாங்கறது காசுக்குக் கேடுன்னு என் எண்ணம், ஆய்வுகள் ஒத்துப்போகல.

மஞ்சக்குப்பத்தான்:
மூணு மாசம்னு சொன்னதை வாபஸ் வாங்கறேன். ஆனா புதுசா மாத்திரை ஆரம்பிக்கறவர் அதே வாரம் ஜிம்லயும் சேர்ந்தா வலி எதனாலன்னு எவனாலயும் சொல்ல முடியாது. அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடற்கரைச்சாலை:
அது நியாயம். முதல் ஆறு வாரம் பழகின நடை மட்டும் போதும், புதுசா எதையும் சேர்க்க வேணாம். அப்புறம் ஞாயித்துக்கிழமை பேட்மின்டன் ஆடிட்டு திங்கக்கிழமை காலையில சிபிகேவுக்கு ரத்தம் கொடுக்காதீங்க. நாலஞ்சு நாள் ஆடாம இருந்துட்டுப் போங்க.