‘அம்மாச்சி வீடு’ குழு: 12 டேப்லெட், ஒரு ஸ்டாப்வாட்ச்

வியாழன்

அக்கா 8:04
எல்லார்கிட்டயும் ஒரு உதவி. எங்க ஸ்கூல்ல ஏழாவது சயின்ஸுக்கு 12 டேப்லெட் வந்திருக்கு. திங்கட்கிழமை முதல் கிளாஸ். அதுக்குள்ள எல்லாத்துக்கும் அப்டேட் போட்டு, ஆப் ஏத்தி, நம்பர் ஒட்டணும். ஒருத்தியா முடியாது. சனிக்கிழமை யார் வர்றீங்க?

அத்தை 8:05
வாழ்த்துகள்மா

சித்தி 8:06
36 பசங்களுக்கு 12ஆ?

அக்கா 8:06
ஆமா சித்தி. மூணு பேருக்கு ஒண்ணு

சித்தி 8:07
மண்டை உடையும்

சின்ன மாமா 8:09
நான் வரேன். அரை மணி நேர வேலை

அம்மா 8:09
நீயா

நான் 8:10
மாமா, போன தடவை "அஞ்சு நிமிஷ வேலை"ன்னு எங்க ரவுட்டரைத் தொட்டீங்க. மூணு நாள் நெட் இல்ல

சின்ன மாமா 8:10
அது ரவுட்டர் கோளாறுடா

பெரிய மாமா 8:21
அனைவருக்கும் வணக்கம். 34 வருடம் அறிவியல் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். பெரு நாட்டில் பிள்ளைக்கொரு மடிக்கணினி என்று கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012ல் வந்தது. கணக்கிலும் சரி, மொழிப்பாடத்திலும் சரி, மதிப்பெண் கூடவில்லை. பொருளை இறக்கிவிட்டு, அதை வைத்து என்ன நடத்துவது என்று ஆசிரியருக்குச் சொல்லவில்லை. ஆகவே பெரியவளிடம் என் முதல் கேள்வி: திங்கட்கிழமை எந்தப் பாடம்? டேப்லெட் இல்லாமல் அதை நடத்த முடியாதா? முடியும் என்றால் டேப்லெட் எதற்கு? இரண்டாவது கேள்வி தொடரும்.

அத்தை 8:22
ஏங்க ஹாலுக்கு வந்து சொல்லக் கூடாதா. நான் இங்கதான் இருக்கேன்

சின்ன மாமா 8:22
தொடருமாம்

சித்தி 8:24
பலமுறை முன்னனுப்பப்பட்டது:
எச்சரிக்கை!! டேப்லெட்டின் நீல ஒளி குழந்தைகளின் விழித்திரையை எரித்துவிடும்! ஸ்வீடனில் டேப்லெட்டுக்குத் தடை!! 10 பேருக்கு அனுப்பவும்!!

அக்கா 8:27
சித்தி, ஸ்வீடன்ல தடை எல்லாம் இல்ல. சின்னப் பசங்களுக்கு ஸ்க்ரீன் அதிகமாயிடுச்சு, அச்சுப் புத்தகம் திரும்ப வரணும்னு 2023ல அரசாங்கமே காசு ஒதுக்குச்சு. அவ்வளவுதான். நீல ஒளி விழித்திரையை எரிக்கும்ங்கறதுக்கும் ஆதாரம் இல்ல. ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருந்தா கண் சிமிட்டறது குறையும், கண்ணு காயும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி 20 செகண்ட் பார்க்கச் சொல்வேன். எங்க கிளாஸ்ல ஒரே நேரத்துல 15 நிமிஷத்துக்கு மேல அதைத் தொடவே போறதில்ல

சித்தி 8:28
குட்டிக்கு பவர் மறுபடி கூடிருச்சு அதான் பயம்

அம்மா 8:28
எவ்ளோ

சித்தி 8:29
ரெண்டு கண்ணுக்கும் அரை அரை

அத்தை 8:29
ஐயோ. வெளியில விளையாட விடு

சித்தி 8:30
சின்னண்ணா வாங்கிக் குடுத்த டேப்தானே ஆரம்பம்

சின்ன மாமா 8:30
பிறந்த நாளைக்குக் குடுத்தது குத்தமா

அம்மா 8:31
விடுங்க ரெண்டு பேரும்

அக்கா 8:33
சனிக்கிழமை?

சித்தி 8:34
அக்கா நான் குட்டி. கொலராடோ யுனிவர்சிட்டியோட ஃபெட் ஏத்துங்க, ஸ்க்ரீன்லயே சயின்ஸ் சோதனை செஞ்சு பார்க்கற சிமுலேஷன். அதுல வயரைத் தப்பா மாட்டினா தீ பிடிக்கும். நாயைக்கூட சர்க்யூட்ல மாட்டலாம்

அம்மா 8:34
நாயையா

அக்கா 8:35
அது ஏற்கெனவே லிஸ்ட்ல இருக்குடா. ஒவ்வொண்ணையும் தனி ஃபைலா இறக்கி வெச்சுக்கலாம், நெட் இல்லாமலும் ஓடும். 12ம் ஒரே நேரத்துல வைஃபைல மாட்டினா சுத்திக்கிட்டே நிக்கும். நேத்து நாலு டேப்புக்கே நின்னுச்சு

பெரிய மாமா 8:36
திரையில் பல்பு எரிவதைப் பார்த்தவனுக்கு நிஜ பல்பின் சூடு தெரியுமா?

அக்கா 8:37
நிஜ பல்பும் உண்டு மாமா. முதல்ல அது, அப்புறம்தான் இது. வயருக்குள்ள ஓடறது கண்ணுக்குத் தெரியாதே, அதைக் காட்டத்தான். ஃபெட்டை 2002ல ஆரம்பிச்ச கார்ல் வீமன் உங்க ஆள்தான், 2001ல இயற்பியல் நோபல் வாங்கினவர்

பெரிய மாமா 8:38
அவரைத் தெரியும்.

அத்தை 8:38
கூகுள்ல தேடிட்டு இருக்கார்

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான் 8:39
என்ன மாமா நீக்கினீங்க

அக்கா 8:45
திங்கட்கிழமை பாடம் கேட்டீங்களே மாமா. பந்து விழறது. வீட்ல செஞ்சு பார்த்துட்டேன். சுவர்ல ஸ்கேல் ஒட்டி, 1 மீட்டர் மேலேர்ந்து பந்தை விட்டு வீடியோ எடுத்தேன். வீடியோல செகண்டுக்கு 30 படம், அதாவது 30 ஃப்ரேம், அதனால மூணு ஃப்ரேம் தள்ளினா 0.1 செகண்ட். முதல் 0.1ல 5 செ.மீ., 0.2ல 20, 0.3ல 43. முதல் தடவை பந்து ஒரு கோடு மாதிரி இழுத்துக்கிட்டுத் தெரிஞ்சது, எந்த இடத்துல அளக்கறதுன்னே புரியல. ஜன்னலைத் திறந்து லைட்டும் போட்டதும் உருண்டையா வந்துச்சு

பெரிய மாமா 8:47
0.3 நொடிக்கு 44.1 வர வேண்டும்.

அக்கா 8:47
ஸ்கேல் கொஞ்சம் சாய்ஞ்சிருந்தது

பெரிய மாமா 8:52
நேரம் 1, 2, 3 மடங்கு என்றால் தூரம் 1, 4, 9 மடங்கு. விகிதம் சரியாகவே விழுகிறது. நாங்கள் இதை ஸ்டாப்வாட்ச் வைத்துச் செய்தோம். 1 மீட்டர் விழ 0.45 நொடி. பொத்தானை அழுத்தவே விரலுக்கு ஏறக்குறைய 0.2 நொடி. பாதி நேரம் விரலிலேயே போய்விடும். வருடா வருடம் பிள்ளைகள் எழுதிய விடை ஒன்றுக்கொன்று ஒட்டாது. விடையைக் கரும்பலகையில் நானே எழுதிப் போடுவேன். அதற்கும் நல்ல ஸ்டாப்வாட்ச் ஒன்று இருந்தது. அது என்ன ஆனது என்று இந்தக் குழுவில் ஒருவருக்குத் தெரியும்.

அம்மா 8:53
ஆரம்பிச்சுட்டார்

சின்ன மாமா 8:53
அண்ணா அப்ப எனக்கு ஒன்பது வயசு

பெரிய மாமா 8:54
திறக்கத் தெரிந்த வயது.

சின்ன மாமா 8:54
நான் தொடறதுக்கு முன்னாடியே ஸ்பிரிங் போயிருந்துச்சு. அக்காகிட்ட கேளு

அம்மா 8:55
குரல் செய்தி 1:47

நான் 8:57
அம்மா 1:47 நிமிஷத்துல 1:30 சிரிப்புதான் இருக்கு

சித்தி 8:58
அப்ப நான் பிறக்கவே இல்ல. நான் சாட்சி இல்ல

அக்கா 9:01
மூணு பேருக்கு ஒண்ணு ஏன்னு சித்திக்குப் புரியணும். ஒருத்தர் பந்தை விடணும், ஒருத்தர் ஆடாம வீடியோ எடுக்கணும், ஒருத்தர் நோட்டுல எழுதணும். அடுத்த தடவை இடம் மாறணும். ஆளுக்கொண்ணு குடுத்தா ஆளுக்கொரு மூலை

சித்தி 9:02
பிடிக்கிறவன் விட மாட்டான் பாரு

அக்கா 9:02
அதுக்குத்தான் என்கிட்ட மணி இருக்கு

சின்ன மாமா 9:04
ஃபைஃபாக்ஸ் ஆப்பும் போடு, டேப்ல இருக்கற சென்சாரை வெச்சு அளக்கறது. ஜெர்மனி ஆகன் யுனிவர்சிட்டியோடது, ஃப்ரீ. காந்தப் புலம் எல்லாம் அளக்கும்

அக்கா 9:05
போட்டுப் பார்த்தேன் மாமா. காந்தப் புலம் மங்கலா இருக்கு, தொட்டா திறக்கல. இதுல அந்த சென்சாரே இல்ல. சுழலறதை அளக்கற கைரோவும் இல்ல. முடுக்கம் மட்டும் வேலை செய்யுது

சின்ன மாமா 9:05
வாங்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்

அக்கா 9:06
என்னையே யாரும் கேக்கல. பெட்டி வந்தப்புறம்தான் தெரியும்

அக்கா 9:08
ஒண்ணு மட்டும் அருமை. டேப்பைப் படுக்க வெச்சு, முன் கேமரா மேல ஒரு சொட்டு தண்ணி விட்டு, பத்திரிகைப் படத்தை ரொம்பக் கிட்டக்க பிடிச்சேன். முகம் மறைஞ்சு வெறும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளியா நிக்குது. வெங்காயத் தோலையும் பார்க்கணும்

அம்மா 9:08
தண்ணியா!! புது டேப்லயா!!

அக்கா 9:09
ஒரு சொட்டும்மா. சார்ஜ் ஓட்டைப் பக்கம் போகாது

அம்மா 9:09
உன் ஹெட்மாஸ்டருக்குத் தெரியுமா

அக்கா 9:10
திங்கட்கிழமை தெரியும்

பெரிய மாமா 9:12
இரண்டாவது கேள்வி. சார்ஜ் எப்படிப் போடுவாய்? ஒன்றுக்கு 10 வாட் என்றால் 12க்கு 120 வாட். கரண்ட் பெரிய விஷயமில்லை, 12 துளைதான் வேண்டும். என்னிடம் நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. இரண்டு வருடமாக அது என் வீட்டில் இல்லை.

நான் 9:13
சின்ன மாமா ஆன்லைன்ல இருக்கார்

நான் 9:14
போயிட்டார்

அத்தை 9:16
அவர் மேசை டிராயரைத் துழாவிட்டு இருக்கார். ஏதோ ஸ்கேல் தேடறாராம். சனிக்கிழமைக்கு

அக்கா 9:16
மாமா வர்றீங்களா!

பெரிய மாமா 9:18
வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. சாய்ந்த ஸ்கேலை நேராக ஒட்ட ஒரு ஆள் வேண்டும்.

அக்கா 9:19
அப்ப 10 மணியா, 4 மணியா? காலையில ஆபீஸ் ரூம் சாவி கிடைக்குமான்னு கேக்கணும்

சித்தி 9:20
நான் குட்டி. நானும் வரேன். ஆப் ஏத்த எனக்குத் தெரியும்

சித்தி 9:21
நான்தான். அவன் வரல. கண் டாக்டர்கிட்ட போகணும்

சித்தி 9:21
நான் குட்டி. டாக்டர் சாயங்காலம்தான்

அம்மா 9:22
4னா நானும் வரேன்

அத்தை 9:22
4னா இவருக்கு முடியாது

வெள்ளி

சித்தி 6:10
இனிய காலை வணக்கம்

சின்ன மாமா 7:45
பாக்ஸ் கிடைச்சுது. ஒரு ஸ்விட்ச் மட்டும் வேலை செய்யல. அது முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு

பெரிய மாமா 7:46
எல்லாமே முன்னாடியே அப்படித்தான்.

அக்கா 7:52
10ஆ 4ஆ??