அக்காவுக்கு இரண்டு பவுனில் நகை: வளையலா, காதணியா?

கேள்வி: பொள்ளாச்சித் தம்பி

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறார். அப்பா இல்லாத வீட்டில் என்னுடைய கல்லூரிக் கட்டணத்தைத் தம் சம்பளத்திலிருந்து கட்டிப் படிக்க வைத்தவர் அவர்தான். இப்போது நானும் வேலைக்கு வந்து, மாதாமாதம் ஒதுக்கி வைத்த பணம் ஏறக்குறைய இரண்டு பவுன் வாங்கும் அளவுக்குச் சேர்ந்திருக்கிறது. வருகிற தை மாதத்தில் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு தங்க நகை செய்து கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

ஒரு ஜோடி வளையல் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று அம்மா சொல்கிறார். ஆனால் அக்கா கையில் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் அணிந்து நான் பார்த்ததில்லை. அவருடைய திருமணத்தின்போது போட்ட ஆரமும் நெக்லஸும் வங்கிப் பெட்டகத்திலேயே இருக்கின்றன. கழுத்தில் மெல்லிய தாலிச் சங்கிலி மட்டும்தான். விடுமுறை நாள்களில் நெகமம் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, பெரிய வெள்ளி ஜிமிக்கி போட்டுக்கொள்வார். அந்தத் தோற்றத்தில்தான் அவர் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதுபோல் எனக்குப் படுகிறது. நகை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குப் பொருந்துகிற நகையை எப்படித் தேர்ந்தெடுப்பது, கடையில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்குவதா சொல்லாமல் கொடுப்பதா என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், திருச்சி

தம்பிக்கு வணக்கம். உங்கள் அக்கா கையை வெறுமையாக வைத்திருப்பதற்குக் காரணம் விருப்பமின்மை மட்டுமாக இருக்காது. நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிகிறவர்கள் முழங்கைக்குக் கீழே மோதிரம், வளையல் எதுவும் அணியக்கூடாது என்று பல மருத்துவமனைகளில் கண்டிப்பாகச் சொல்வார்கள். மோதிரத்தின் அடியிலும் வளையல் உரசுகிற இடத்திலும் தங்கும் கிருமிகள் கை கழுவினாலும் முழுமையாகப் போவதில்லை, கையுறையும் கிழிந்துவிடும். வாரத்தில் ஆறு நாள் கழற்றி வைக்க வேண்டிய நகையை ஏழாவது நாள் தேடி எடுத்துப் போடுகிறவர்கள் மிகக் குறைவு என்பதை என்னுடன் பணிபுரிந்த பெண்களிடம் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

கழுத்துக்கு இன்னொரு சங்கிலியும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்கெனவே தாலிச் சங்கிலி இருக்கும்போது அதே நீளத்தில் இரண்டாவது சங்கிலி போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உரசி உரசி இரண்டும் தேயும். குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அது ஓயாத தொல்லை. ஆகவே காதுதான் மிச்சம். பணியின்போது காதோடு ஒட்டிய சிறு தோட்டை யாரும் தடுப்பதில்லை. விடுமுறை நாளில் ஜிமிக்கியை விரும்பி அணிகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முத்து வைத்த தோடு மட்டும் வேண்டாம். முத்து மென்மையானது. வாசனைத் திரவியமும் வியர்வையும் நாள் முழுவதும் பயன்படுத்தும் சானிடைசரும் பட்டுப் பட்டு அதன் பளபளப்பு மங்கிவிடும்.

பதில்: பட்டறைக் குடும்பம், கோவை

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தங்க வேலை செய்கிறார்கள் என்பதால், கடையில் கவனிக்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வளையல் பற்றி. ஒரு ஜோடிக்கு இரண்டு பவுன் என்றால் ஒரு வளையலுக்கு எட்டு கிராம் கிடைக்கும். பார்வைக்கு அகலமாக வேண்டும் என்று கேட்டால் அந்த எடையில் தகட்டை மெல்லியதாக்கியோ உள்ளே கூடாக வைத்தோதான் செய்ய முடியும். அப்படிச் செய்த வளையல் கதவில் இடித்தாலே நசுங்கும். அதே பதினாறு கிராமைக் காதணியில் போட்டால் மிகவும் கனமாகிவிடும், காது தாங்காது. ஆகவே முழு எடையையும் ஒரே நகையில் கொண்டுவர வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு பவுனுக்குள் ஜிமிக்கி ஜோடி, அதாவது காதுக்கு நான்கு கிராம் அளவில், கையில் எடுத்துப் பார்த்தாலே வேலைப்பாடு நிறைவாகத் தெரியும்படி செய்யலாம். தோடு தனியாகவும் தொங்கும் குடை தனியாகவும் கழற்றி மாட்டும்படி அமைத்தால், வார நாளில் தோடு மட்டும் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை குடையை மாட்டிக்கொள்ளலாம். இது எங்கள் பட்டறையில் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல; பழைய ஜிமிக்கிகள் பலவும் இப்படித்தான் இருந்தன. உங்கள் அக்காவின் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தோன்றவில்லை.

திருகாணியைக் கட்டாயம் கவனியுங்கள். பழைய பாணித் தோடுகளின் தண்டு தடிமனாக இருக்கும். இப்போது துப்பாக்கி வைத்துக் குத்திய காதுத்துளை மெல்லியது. துளைக்கு ஏற்ற தண்டு இல்லாவிட்டால் வலியும் புண்ணும்தான் மிஞ்சும். அக்கா இப்போது அணியும் வெள்ளி ஜிமிக்கியில் ஒன்றை ஒரு நாள் எடுத்துச் சென்று அதன் தண்டை ஆசாரியிடம் காட்டினால் போதும். மரை தேய்ந்த திருகாணியால் தொலைந்த தோடுகளுக்குக் கணக்கே இல்லை என்பதால், அது முழுமையாக இறுகுகிறதா என்று நீங்களே திருகிப் பாருங்கள்.

தரம்: 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 18 காரட் என்றால் 750 பங்கு. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. என்னும் தனி அடையாளக் குறியீடு இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை, 916 போன்ற தர எண், இந்தக் குறியீடு ஆகிய மூன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டச் சொல்லிப் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டால் நகையின் வகையும் தரமும் தெரியும். இரண்டு கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

கல் வைத்ததாக இருந்தால் ரசீதில் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். தங்க விலையை நிகர எடைக்கு மட்டும்தான் போட வேண்டும். கல்லுக்குத் தனி விலை. செய்கூலியும் சேதாரமும் கடைக்குக் கடை மட்டுமல்ல, வடிவத்துக்கு வடிவமும் மாறும். குறைந்த எடையில் நுண்ணிய வேலைப்பாடு கேட்டால் சேதார விழுக்காடு கூடுவது இயல்புதான், ஆனால் எவ்வளவு என்று முன்பே கேட்டு, இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள். எல்லாம் சேர்ந்த தொகையின் மீது மூன்று விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: காரைக்குடி வாசகி

எல்லோரும் காதணிக்கே வாக்களிப்பதால், அந்தத் தம்பியின் அம்மா பக்கம் நின்று நான் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் தங்கம் அழகுக்கு மட்டும் உரியதல்ல. நாளைக்கு ஓர் அவசரம் என்றால் எவரிடமும் கை நீட்டாமல் அவள் தானே முடிவெடுத்து அடகு வைக்கவோ விற்கவோ கூடிய சொத்து அது. கல் வைத்த நகையைத் திரும்பக் கொடுக்கும்போது கல்லுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி கிடைக்காது. செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். வேலைப்பாடு குறைந்த ஒரு ஜோடி வளையலில் அந்த இழப்பு குறைவு. வளையல் வேண்டும் என்று அம்மா சொல்வதில் இந்தக் கணக்கு இருக்கக்கூடும்; அதைப் பழைய காலத்துப் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது.

ஆயினும், அணியாத கைக்கு வளையல் எதற்கு என்று கேட்டால் என்னிடம் மறுமொழி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நோக்கத்தையும் ஒரே நகையில் திணிக்காமல் பிரித்துவிடலாம் என்பது என் யோசனை. ஒரு பவுனில் அக்காவுக்குப் பிடித்த ஜிமிக்கி, மீதிப் பணத்தில் ஹால்மார்க் உள்ள தங்கக் காசு. காசுக்குச் செய்கூலி மிகக் குறைவு. அம்மாவின் மனமும் நிறையும்.

சொல்லாமல் கொடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொடுக்கிறவருக்கு அது மகிழ்ச்சி; வாங்குகிறவருக்கு எப்போதும் அப்படி அமைவதில்லை. பிடிக்காத நகையை அன்பின் பொருட்டு அணிந்துகொண்டு சிரிக்கும் பெண்களை எல்லாக் குடும்பத்திலும் காணலாம். பணம் உங்களுடையது, தேர்வு அவருடையது என்று அழைத்துக்கொண்டு போங்கள். தம்பியோடு கடை கடையாக ஏறி இறங்கும் அந்த ஒரு நாளே அவருக்குப் பெரிய பரிசாக இருக்கும்.

மறுமொழி: பொள்ளாச்சித் தம்பி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கையைப் பற்றிய காரணம் எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. அம்மாவிடம் காசு யோசனையைச் சொன்னேன், உடனே ஒப்புக்கொண்டார். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். முதலில் எதற்கு இவ்வளவு செலவு என்று கடிந்துகொண்டவர், பிறகு தாமாகவே ஒன்று கேட்டார். சிவப்புக் கெம்புக் கல் பதித்த பழைய பாணி ஜிமிக்கி மீது அவருக்கு நீண்ட காலமாக ஆசையாம். அதைத் தங்கத்தில் செய்வது நல்லதா, நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகை பாணியில் வெள்ளியின் மீது பொன் பூசியதாக வாங்குவது நல்லதா? அவருக்குக் கழுத்து சற்று நீளம், முகம் சிறியது. எவ்வளவு பெரிய ஜிமிக்கி பொருந்தும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: பரதநாட்டிய ஆசிரியை, நாகர்கோவில்

வடசேரியின் பெயரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நாகர்கோவில் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்துவதற்காகச் செய்யப்பட்ட வடிவங்களே பின்னர் நாட்டிய மேடைக்கும் மணமேடைக்கும் வந்தன. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, மாட்டல், அட்டிகை, மாங்காய் மாலை, ஒட்டியாணம் என்று உச்சி முதல் இடுப்பு வரை ஒவ்வொன்றையும் கையால் செய்கிறார்கள். வெள்ளியில் கூடு கட்டி, கல்லைப் பதித்து, விளிம்பில் பொன் தகட்டை ஒட்டும் அந்த வேலையைப் பட்டறையில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு அதன் விலை ஒருபோதும் அதிகமாகத் தோன்றாது.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது இது. தினமும் அணியும் தோடு தங்கத்திலேயே இருக்கட்டும். வியர்வையும் தண்ணீரும் அடிக்கடி படும் இடத்தில் பூச்சு நகை நெடுநாள் தாங்காது. விழாவுக்கும் விடுமுறைக்கும் அணியும் ஜிமிக்கியைக் கெம்புக் கல்லில் வடசேரி வேலையாக வாங்குங்கள். தங்கத்தில் அதே அளவு ஜிமிக்கி செய்தால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும், ஆதலால் சேமிப்புக்கான காசை இன்னும் சற்றுப் பெரிதாக வாங்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மறுவிற்பனையில் அதற்குத் தங்கத்தின் மதிப்பு இல்லை, அது அணிந்து மகிழ்வதற்கான நகை. எந்திரத்தில் வார்த்த கவரிங் நகையையும் கோயில் நகை என்றே பல இடங்களில் விற்கிறார்கள். கவரிங்கில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகும். ஆகவே அடிப்படை உலோகம் வெள்ளிதானா என்பதைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நீண்ட கழுத்தும் சிறிய முகமும் ஜிமிக்கிக்கு வாய்த்த அமைப்பு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடம் இருப்பதால் குடை தாராளமாக ஆடும். ஆனால் முகம் சிறியது என்பதால் தோடு பெரிதாக இருந்தால் கன்னத்தை மறைக்கும். மேலே சிறிய தோடு, கீழே நடுத்தர அளவுக் குடை என்பதே நல்ல விகிதம். என் மாணவியருக்கு நான் எப்போதும் சொல்வது, காதில் ஜிமிக்கி ஆடும்போது கழுத்தில் பட்டையான அட்டிகை வேண்டாம் என்பதுதான். உங்கள் அக்கா தாலிச் சங்கிலியோடு மட்டும் நிற்பவர் என்பதால், அவரிடம் அந்த ஜிமிக்கி தனித்து எடுப்பாகத் தெரியும். நெகமம் சேலையில் அரக்கு, மாம்பழ மஞ்சள், கரும்பச்சை நிறங்களுக்குக் கெம்பின் சிவப்பு மிகவும் இசையும். வெளிர் நிறச் சேலைகளுக்கு அவருடைய பழைய வெள்ளி ஜிமிக்கியே இன்னும் அழகு; புதியது வந்துவிட்டது என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை.

எடை அதிகமாகத் தோன்றினால் மாட்டலும் சேர்த்து வாங்குங்கள். தலைமுடியில் கொக்கியை மாட்டியதும் பாரத்தின் ஒரு பகுதி அங்கே போய்விடும், காதுத்துளை இழுபடாது. வாசனைத் திரவியம் பூசி உலர்ந்த பிறகே நகையை அணிய வேண்டும். கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, காற்றுப் புகாத பையில் தனியாக வைக்க வேண்டும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால்தான் வெள்ளி கறுக்கிறது. சோப்பு நீரிலோ பற்பசையிலோ கழுவவே கூடாது. கல்லின் அடியில் ஈரம் இறங்கினால் ஒளி மங்கிக் கல் தளரும்.

பதில்: பட்டறைக் குடும்பம், கோவை

ஆசிரியையின் யோசனையோடு முழுமையாக உடன்படுகிறேன். தங்கத் தோட்டை மட்டும் செய்யச் சொல்லும்போது, அதன் அடியில் ஒரு சிறிய வளையம் வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் உங்களால் இயலும்போது தங்கக் குடை ஒன்று செய்து அதிலேயே கோத்துக்கொள்ளலாம். கெம்பு ஜிமிக்கியை வாங்கிய பின் ஆசாரியிடம் காட்டினால், அதன் கொக்கியும் இந்த வளையத்தில் மாட்டும்படி அளவு பார்த்துச் செய்து கொடுப்பார். தைக்கு முன்பு பட்டறைகளில் வேலை குவிந்துவிடும்; கார்த்திகை முடிவதற்குள் சொல்லி வைத்துவிடுங்கள்.