சன்ஷைன் அன்ட் ஷடோ போர்வை: 29 கட்டம் பொருத்தினால் 2 அங்குலம் குறையுது, மெரூன் சாயமும் இறங்குது

உப்புவெளித்தையல்:
வணக்கம். அமெரிக்காவில் எளிமையாக வாழும் அமிஷ் என்ற கிறிஸ்தவ ஆக்களின் ‘சன்ஷைன் அன்ட் ஷடோ’ மாதிரியில், சிங்கர் கால் மெசினில் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை (குயில்ட்) தைக்கிறேன். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சாய்சதுர வளையங்கள், குறுக்கே 29 கட்டம், நெடுக்கே 29. திருகோணமலை உப்புவெளியில் ஏசி போட்ட விருந்தினர் அறைக் கட்டிலுக்கு.

ஒவ்வொரு கட்டமும் 2½ அங்குலமாக வெட்டினேன். கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒரு வரி 58 வரவேணும், 56 தான் வருது. மெரூன் துண்டை நனைத்து வெள்ளைத்துணியில் வைத்துப் பார்த்தேன், ரோஸ் நிறத்தில் ஒட்டிப் பிடிச்சிட்டுது. ஏழு நிறம் போட நினைக்கிறேன், நிறத்துக்கு எவ்வளவு துணி வேணும்? உள்ளே என்ன வைக்கலாம்? இலவம்பஞ்சு சரிவருமா?

ஊசியும்நூலும்:
தங்கச்சி, கட்டம் வெட்டினதில் பிழை இல்லை, தையல் கோட்டில்தான். பக்கத்துக்கு 1/32 அங்குலம் கூடுதலாகப் பிடித்தாலே ஒரு கட்டத்துக்கு 1/16 போகும். 29 கட்டத்துக்குக் கூட்டிப் பாருங்கோ, கிட்டத்தட்ட 2 அங்குலம். துணியை மடித்து அயன் பண்ணும்போது மடிப்பும் ஒரு நூலளவு தின்னும். அதனால் கால் அங்குலத்தை விட ஒரு மயிரிழை குறைவாகத்தான் தைக்க வேணும்.

கால் மெசினில் துணியை அழுத்தும் பாதத்தின் ஓரத்தை நம்ப வேண்டாம், அது மெசினுக்கு மெசின் மாறும். ஊசியை இறக்கி, அதிலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்று உள்ளே, தட்டில் பிளாஸ்டர் ரேப்பை நாலைந்து மடிப்பாக ஒட்டுங்கோ. துணியின் ஓரம் அதில் முட்டி ஓடும். பிறகு மூன்று 2½ அங்குலக் கட்டத்தை வரிசையாகத் தைத்து, அயன் பண்ணி, நடுக்கட்டத்தை மட்டும் அளந்து பாருங்கோ. சரியாக 2 இருந்தால் தொடரலாம்.

தைத்த வரிகளைப் பிரிக்க அவசரப்படாதேங்கோ. எல்லா வரியும் ஒரே 56 என்றால் அப்படியே விட்டு, மிச்சத்தையும் பழைய தையலிலேயே தொடரலாம். வரிக்கு வரி வித்தியாசம் இருந்தால்தான் தலையிடி, அதைப் பிரித்தே ஆகவேணும். ஒரு வரியின் மடிப்பை இடப்பக்கமும் அடுத்த வரியை வலப்பக்கமும் சாய்த்து அயன் பண்ணினால் சந்திகள் ஒன்றோடொன்று கொழுவிக்கொள்ளும். இழுத்துப் பிடிக்கத் தேவையில்லை.

துணிக் கணக்கு: மொத்தம் 841 கட்டம். நடுவில் 1, அடுத்த வளையத்தில் 4, பிறகு 8, 12 என்று நந்நான்காக ஏறி 14ஆவது வளையத்தில் 56. 15ஆவதும் 56 தான். அங்கே வளையம் உடைந்து நாலு மூலைக்கும் பிரியும், பிறகு நந்நான்காக இறங்கி, கடைசியில் மூலைக்கு ஒன்றாக 4. ஏழு நிறத்தையும் அதே ஒழுங்கில் திரும்பத் திரும்பப் போட்டால் நடு நிறத்துக்கு 121, மற்ற ஆறுக்கும் தலா 120. நாலு மூலையிலும் நடு நிறமே வந்து நிற்கும். 45 அங்குல அகலத் துணியில் ஒரு கீற்றில் 17 கட்டம் எடுக்கலாம். ஏழு கீற்றில் 119, ஒன்று குறையும்! எட்டுக் கீற்று வெட்டுங்கோ, 20 அங்குலம். சுருக்கம், கோணல் எல்லாத்துக்கும் சேர்த்து முக்கால் யார் வாங்கினால் போதும்.

மூதூர்ரெயிலர்:
துணியைப் பற்றி. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கத்துப் பழைய போர்வைகள் மெல்லிய கம்பளித் துணி, ஒஹாயோக்காரர் கூடுதலாகப் பருத்தியும் கறுப்பும். இரண்டிலும் பூப்போட்ட துணி இருக்காது, தனி நிறம்தான். எங்கட வெக்கைக்குப் பருத்தி. சாறிச் சட்டைத்துணிக் கடையில் நிற வரிசைக்குக் குறைவில்லை, ஆனால் பலதும் பொலியெஸ்டர் கலப்பு. ஓரத்து நூலை நெருப்பில் காட்டுங்கோ: பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும், கலப்பு உருகி மணி மாதிரிக் கட்டியாகும். இரண்டையும் ஒரே போர்வையில் சேர்த்தால் கழுவின பிறகு ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. மேல் துணி சுருட்டிக்கொண்டு நிற்கும்.

நிறத்தை அடுக்கும் விதத்தில்தான் ‘வெயிலும் நிழலும்’ என்ற பெயரே நிற்குது. ஏழையும் கலைத்துப் போட்டால் வெறும் கட்டம்தான் தெரியும். இளரோஸ், ரோஸ், மெரூன், ஊதா, கடும்நீலம், நீலம், இளநீலம் என்று மெல்லத் தடித்து மெல்ல மெலிய வேணும். எட்டடி தள்ளிநின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கோ, வளையம் விரியுதோ எண்டு.

சாயத்துக்கு உப்பு, வினாகிரி எல்லாம் வீண். கடையில் வாங்கின துணியின் சாயத்தை அது பிடித்து வைக்காது. மெரூன், கடும்நீலம் இரண்டையும் வெட்ட முதலே தனித்தனியாகச் சுடுதண்ணியில் கொஞ்சம் சவர்க்காரத்தூளோடு அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணி தெளியும் வரை அலசுங்கோ. நாலைந்து தரத்துக்குப் பிறகும் இறங்கினால் அந்தத் துணியை வைத்து வேறேதும் தையுங்கோ. தைத்து முடித்த பிறகு சாயம் ஒட்டினால் காயவிடாதேங்கோ, அயனும் பிடிக்காதேங்கோ. பெரிய பேசினில் நிறையச் சுடுதண்ணியில் ஒரு இரவு மிதக்க விட்டால் பெரும்பாலும் விட்டுப்போகும்.

உப்புவெளித்தையல்:
நன்றி அண்ணா. வெட்டின மெரூனை ஒதுக்கிவிட்டு வேறு துணியைக் கழுவி எடுக்கிறேன். இன்னொன்று: மெசினில் தைத்தால் அது அமிஷ் வேலையே இல்லை என்கிறார்கள். உண்மையா? முழுவதும் கையால் தைக்க நேரமில்லை.

பழையதுணி:
அரைவாசிதான் உண்மை. அமிஷ் பெண்கள் கால் மெசினில்தான் கட்டங்களைப் பொருத்துவார்கள், கரண்டில் ஓடும் மெசின்தான் தவிர்ப்பு. மேல் துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓடும் அலங்காரத் தையல்தான் கை வேலை. ஆகவே உங்கட சிங்கர் மெசின் தாராளம். இன்னொரு கதையும் உலாவுது, கடவுளுக்கு மட்டுமே குறையில்லை என்று வேண்டுமென்றே ஒரு கட்டத்தை மாற்றி வைப்பார்களாம். அதற்கு ஆதாரம் கிடையாது. பிழை விட்டவர்களுக்கு நல்ல சாட்டு, அவ்வளவுதான்.

1971இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகம் இப்படியான போர்வைகளைச் சுவரில் ஓவியம் போலத் தொங்கவிட்ட பிறகுதான் சேகரிப்போர் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. அமிஷுக்கு நெருங்கிய கிறிஸ்தவப் பிரிவான மெனோனைற் ஆக்களுக்கு வேறொரு வழக்கமும் உண்டு: நிவாரணத்துக்கு அனுப்பும் போர்வைகளை அலங்காரமாகத் தைக்காமல் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நேரமில்லாத உங்களுக்கு அதுதான் வழி. தடித்த பருத்தி நூலை மூன்று படையிலும் குத்தி எடுத்து, 4 அங்குலத்துக்கு ஒன்றாக இரட்டை முடிச்சு, வால் முக்கால் அங்குலம். இந்த மாதிரியில் இரண்டு கட்டத்துக்கு ஒரு சந்தியில் போட்டால் அளந்து குறிக்கும் வேலையே மிச்சம்.

இலவம்பஞ்சு வேண்டாம். அது தலையணைக்குள் அடைக்கத்தான். போர்வையில் இரண்டு கழுவலில் ஒரு மூலைக்கு ஒதுங்கித் திரண்டுவிடும். சோபாவுக்குப் போடும் தடித்த பொலியெஸ்டர் சீற்றும் வேண்டாம். ஊசி திணறும், கடும் நிறத் துணிக்கூடாக வெள்ளை நார் வெளியே முளைக்கும். பிளனல் ஒரு படை, அல்லது நன்றாகக் கழுவிப் பழசான பருத்திப் பெட்சீற். ஏசி அறைக்கு அதுவே தாராளம்.

கரையாவது கையால் தைக்க ஆசை என்றால், 10ஆம் நம்பர் குட்டை ஊசி, ஒற்றை நூல், 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முடிச்சை மேல் துணிக்கூடாகச் சுண்டி உள்ளே இழுங்கோ, ‘டக்’ என்று போய் ஒளிந்துகொள்ளும். தேர்ந்த கை அங்குலத்துக்கு எட்டு, பத்துத் தையல் போடும். உங்களுக்கு ஆறு போதும், ஆனால் ஆறும் ஒரே நீளமாக இருக்கவேணும். அடையாளம் போடத் தேய்ந்த சவர்க்காரச் சில்லு, கடும் நிறத்தில் வடிவாகத் தெரியும். போல்பொயின்ற் பேனாவைக் கிட்டவும் கொண்டுவராதேங்கோ.

ஊசியும்நூலும்:
கரை பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். லங்காஸ்டர் முறையில் அகலக் கரைதான் வடிவு, 10 அங்குலம், மூலையில் வேறு நிறச் சதுரம். ஓரத்தோடு ஓரமாகத் துணியை வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டினால் கரை அலை அலையாக எழும்பும், ஏனென்றால் ஓரம் கைபட்டு இழுபட்டிருக்கும். போர்வையின் நடுவால் அளந்து, அந்த நீளத்துக்கே நாலு கரையையும் வெட்டி, நடுவிலும் நுனியிலும் ஊசி குத்திப் பிறகு தையுங்கோ. உங்கட 56க்கு நாலு கரையும் 56½ நீளம், 10½ அகலம். முடிவில் 76 அங்குலச் சதுரம் வரும். அடித்துணி பக்கத்துக்கு 4 அங்குலம் கூடுதலாக, 84.

மூதூர்ரெயிலர்:
எப்போதாவது விற்கிறதென்றால் விலைச்சீட்டில் ‘அமிஷ் குயில்ட்’ என்று எழுதாமல் ‘அமிஷ் பாணி, திருகோணமலையில் தைத்தது’ என்று எழுதுங்கோ. மார்கழி மழைக்குப் பொலித்தீன் பையில் போட்டு வைக்கவேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். பழைய தலையணை உறைக்குள் போட்டு, மாதத்துக்கு ஒருக்கா வேறு இடத்தில் மடித்து வையுங்கோ.