ராண்டி வெஸ்டனின் பியானோ: கேட்டவர்களின் அனுபவங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து

அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனை நேரில் கேட்டவர்கள் யாரேனும் எழுதினால் நன்றாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் பிறந்து வளர்ந்த, நியூ யார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலேயே ஒரு மாலை அவர் வாசிப்பைக் கேட்கும் பேறு எனக்குக் கிடைத்தது. 2018 செப்டம்பரில் தமது 92ஆம் வயதில் அவர் காலமானார். நான் கேட்டது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு.

ஆறரை அடியைத் தாண்டிய மனிதர். அவர் முன்னால் பெரிய பியானோவும் சிறுத்துத் தெரிந்தது. வலது கை இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டுவிட்டு நின்றுவிடும். அந்த இடைவெளியை நிரப்ப அவர் அவசரப்படவே இல்லை. பிறகு இடது கை மந்தர ஸ்தாயியின் அடிக்கட்டைகளில் இறங்கும்; பலகைத் தரையின் அதிர்வு உள்ளங்காலில் ஏறும். பக்கத்தில் அலெக்ஸ் பிளேக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுயர டபுள் பேஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கம்பிகளை விரல்களால் வாரி வாரி அடித்தார். நீல் கிளார்க் கொங்கா மேளங்களில் இருந்தார். மூவரும் சேர்ந்தபோது யார் தாளம், யார் மெட்டு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தம் கை பட்டதும் பியானோ ஆப்பிரிக்க வாத்தியம் ஆகிவிடுகிறது என்று வெஸ்டன் பேட்டிகளில் சொன்னதுண்டு. அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் சந்தேகமே எழவில்லை.

என்னை அழைத்துப் போனவர் உடன் வேலை பார்த்த கறுப்பின நண்பர். பள்ளியில் படித்த பாடத்தில் தம் மக்களின் வரலாறு அடிமைக் கப்பலில்தான் தொடங்கியது என்று திரும்பும் வழியில் சொன்னார். வெஸ்டனின் வீட்டில் அப்படி இல்லை. தந்தை ஃபிராங்க் வெஸ்டன் ஜமைக்கா, பனாமா வழி வந்தவர். உலகெங்கும் உள்ள கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு ஒன்றுபட வேண்டும் என்ற மார்க்கஸ் கார்வியின் கொள்கையில் ஊறியவர். சுவரில் ஆப்பிரிக்க வரைபடங்களை மாட்டி, அந்தக் கண்டத்தின் பழம்பெரும் அரசுகளைப் பற்றிய புத்தகங்களை வாங்கி வைத்து, நீ அமெரிக்காவில் பிறந்த ஆப்பிரிக்கன் என்று சொல்லியே மகனை வளர்த்தார். ஆப்பிரிக்கா என்றாலே காட்டுவாசிகள் என்று திரைப்படங்கள் காட்டிக்கொண்டிருந்த 1930களில் ஒரு சிறுவனுக்கு இது எவ்வளவு பெரிய கவசம்! பியானோ கற்றே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அந்தத் தந்தைதான்.

ஆனால் மரபு தந்தையிடமிருந்து சொத்துபோல வந்து சேர்ந்ததோடு வெஸ்டன் நின்றுவிடவில்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். அவர் ஆசான்களின் வாசலுக்குப் போய்க் கேட்டு வாங்கினார். சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் குழுவில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் வாசித்ததைக் கேட்டு, மங்கின் வீட்டுக்கே போனார். என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். மங்க் வாயே திறக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். மணிக்கணக்கில் மௌனம். கிளம்பும்போது மட்டும் மறுபடி வரச் சொன்னார். அடுத்த முறை போனபோது பேச்சே இல்லாமல் நெடுநேரம் பியானோ வாசித்துக் காட்டினார். வெஸ்டனின் வாசிப்பில் அந்த இடைவெளிகள் எங்கிருந்து வந்தன என்று இனி யாரும் தேடவேண்டியதில்லை.

பாரிஸிலிருந்து

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரம் நினைவுக்கு வந்தது. 1967இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் வெஸ்டன் ஆப்பிரிக்க நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். அது முடிந்த பிறகு மொரோக்கோவிலேயே குடியேறி, தாஞ்சியரில் ‘ஆப்பிரிக்கன் ரிதம்ஸ்’ என்ற இசைக்கூடத்தை நடத்தினார். அந்த நகரத்துப் பழைய குடியிருப்பின் சந்துகளுக்குள் ‘தார் க்னாவா’ என்றொரு வீடு இருக்கிறது. வெஸ்டனின் நீண்டநாள் நண்பரான அப்தெல்லா எல் கூர்த் என்ற க்னாவா ஆசானின் இடம்.

க்னாவா மக்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். கெம்ப்ரி என்பது அவர்களுடைய மூன்று தந்தி வாத்தியம். மரக்குடத்தின் மேல் ஒட்டகத் தோல் போர்த்தியிருக்கும். வாசிப்பவர் தந்தியை மீட்டியபடியே அந்தத் தோலையும் தட்டுகிறார். உடன் வருபவர்கள் இரு கைகளிலும் இரும்புச் சப்ளாக்கட்டைகளை வைத்துக்கொண்டு ஓயாமல் அடிக்கிறார்கள். சிறிய அறையில் அதைக் கேட்டால் காது முழுக்க இரும்புதான். கொஞ்ச நேரம் பொறுத்தால் அதன் அடியில் கெம்ப்ரி தெளிவாகக் கேட்கத் தொடங்கும். பிளேக் ஏன் டபுள் பேஸை அப்படி அடிக்கிறார் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

க்னாவா சடங்குப் பாடல் ஒன்றை ஆதாரமாக வைத்து வெஸ்டன் ஓர் இசைக்கோலம் அமைத்தார். அது புனிதமானது, வியாபாரமாக்க வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் சொல்ல, இசைவு கிடைக்கும்வரை காத்திருந்தார். உலகமே அறிந்த அமெரிக்கக் கலைஞர், எடுத்துக்கொண்டு போயிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளை ஒருவர், அதே விதி வாய்த்த இன்னொரு சமூகத்தின் முன் அனுமதி கேட்டு நின்றார். எனக்கு இது பெரிய விஷயம்.

சென்னையிலிருந்து

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. இசைத்தட்டு வழியாக மட்டுமே பழக்கம். ஆனால் அவருடைய இசைக்கு வாத்தியப் பகிர்வு எழுதிய மெல்பா லிஸ்டனைப் பற்றி யாரும் பேசாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் பதினேழு நாடுகள் விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டிலேயே வெஸ்டன் ‘உஹுரு ஆஃப்ரிகா’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். உஹுரு என்றால் சுவாஹிலியில் விடுதலை. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதற்கு வரிகள் எழுதினார். மேக்ஸ் ரோச், நைஜீரியாவின் ஒலதுஞ்சி, கியூபாவின் கேண்டிடோ என்று தாளக்காரர்களே ஒரு பட்டாளம். 1964இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு அந்த இசைத்தட்டுக்குத் தடை விதித்தது. அத்தனை வாத்தியங்களும் ஒன்றையொன்று மிதிக்காமல் மூச்சுவிட இடம் கொடுத்துப் பகிர்ந்து எழுதியவர் லிஸ்டன். டிராம்போன் கலைஞர். ஆண்கள் மட்டுமே நிறைந்த ‘பிக் பேண்டு’ என்னும் பெரிய ஜாஸ் குழுக்களில் நின்று நிலைத்த கறுப்பினப் பெண்.

1985இல் பக்கவாதம் அவரை முடக்கியது. டிராம்போனை விட்டார், எழுதுவதை விடவில்லை. கணினி கற்று, 1991 வாக்கில் வெஸ்டனின் பெரிய இசைத்தொகுப்புக்கு மறுபடி வாத்தியப் பகிர்வு எழுதிக் கொடுத்தார். அந்தப் பதிவில் ஊதுவாத்தியங்கள் ஒன்றாக நுழையும் இடம் வரும்போதெல்லாம், ஒரு கை மட்டும் கணினியின் விசைகளில் அசைவது என் கண்முன் வருகிறது. வெஸ்டனின் மரபு என்று நீங்கள் சொல்வதில் பாதி இவருடையது. வெஸ்டனே இவரை உயர்த்திப் பேசத் தயங்கியதில்லை.

டொராண்டோவிலிருந்து

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வெஸ்டன் எல்லாவற்றுக்கும் வேர் ஆப்பிரிக்கா என்கிறார். பழைய எகிப்து வரை போகிறார். என்னுடன் படித்த நைஜீரிய நண்பர்கள் இதை ஏற்க மாட்டார்கள். யொரூபா மக்கள் வேறு, ஹௌசா மக்கள் வேறு, க்னாவா மக்கள் வேறு என்பார்கள். இத்தனை பெரிய கண்டத்தை ஒரே தாயாக வணங்கினால் அங்கே வாழும் மனிதர்கள் மறைந்துபோக மாட்டார்களா?

நியூ ஜெர்சியிலிருந்து

தம்பி, நியாயமான கேள்வி. நானும் இதை என்னைக் கச்சேரிக்கு அழைத்துப் போன நண்பரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலைத் தருகிறேன்: உங்களுக்கு ஊர் தெரியும், குலதெய்வம் தெரியும், தாத்தாவின் தாத்தா பெயர் தெரியும், எங்களிடமிருந்து அந்தப் பெயர்கள் பறிக்கப்பட்டன, எந்தக் கிராமம் என்று தெரியாதவனுக்குக் கண்டம் முழுவதும்தான் ஊர். அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை. தவிர, வெஸ்டன் வரைபடத்தோடு நின்றவர் அல்லர். 1961இல் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குப் போனார், திரும்பவும் போனார், மொரோக்கோவில் பல ஆண்டுகள் குடியிருந்தார். அங்கே வாழும் மனிதர்களின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

பாஸ்டனிலிருந்து

வெஸ்டனின் கையெழுத்து இசைத்தாள்கள், கடிதங்கள், புகைப்படங்கள் எல்லாம் இப்போது ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அதே பல்கலைக்கழகத்தில்தான் விஜய் ஐயர் கற்பிக்கிறார். 1971இல் நியூ யார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் அவர். மேற்கு ஆப்பிரிக்க இசையையும் ஆப்பிரிக்க அமெரிக்க இசையையும் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஸ்டீவ் கோல்மன், ராஸ்கோ மிட்செல், வடாடா லியோ ஸ்மித் ஆகிய கறுப்பினக் கலைஞர்களோடு வாசித்து வளர்ந்தவர். தம் இசை அவர்களுக்குப் பட்டிருக்கும் கடனைத் திரும்பத் திரும்பச் சொல்பவர். அவர் கச்சேரிக்கு நம்மவர்கள் பெருமையோடு வருகிறார்கள், ‘நம் பிள்ளை’ என்று கைதட்டுகிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் படத்துக்குக் கீழே அவருடைய ஆசான்களின் பெயர்களையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.