ஒன்பது முடிந்தது, பத்தாம் வகுப்புக்குப் பள்ளி மாறலாமா?

கேள்வி: பூக்காரர் மகள், திருமங்கலம் பக்கம்

எட்டு வரை ஊர் அரசுப் பள்ளியில் படித்தேன். போன ஜூனில் மதுரையில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார்கள். கணக்கு இங்கே வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது, அதை மறைக்கவில்லை.

ஆனால் இங்கே ஒவ்வொரு மாதத் தேர்வு முடிந்ததும் வகுப்பைக் கலைத்து மறுபடி அடுக்குவார்கள். முதல் இருபது பேர் ‘அ’ பிரிவு. மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏற வேண்டும். நவம்பரில் என்னோடு தயிர்சாதத்தைப் பங்கிட்டவள், டிசம்பரில் மாடிப்படியில் என்னைப் பார்த்தும் பார்க்காதவள் போலப் போனாள். அரையாண்டு முடிந்ததுமே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அப்பா மல்லிகை போட்டிருக்கிறார். மார்கழியில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கும் விலை, சித்திரை வைகாசியில் இருக்காது. செடி கொள்ளாமல் பூக்கும், விலை படுத்துவிடும். பள்ளிக் கட்டணம் கேட்பது சரியாக அப்போதுதான். அப்பா வாய் திறப்பதில்லை. ஊர் என்ன பேசுமோ என்று அம்மாவுக்குப் பயம், எனக்கு இல்லை. 11-இல் உயிரியல் எடுக்க ஆசை. இப்போதே அரசுப் பள்ளிக்குத் திரும்புவதா, பத்தை முடித்துவிட்டா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்

தாயி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020-இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒன்பதை வெளியே படித்ததால் அது உனக்கு இல்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அப்படித்தான். சேர்க்கும்போது இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். ஆகவே சலுகைக்காகத் திரும்பாதே.

பாடப்புத்தகம் இரண்டு இடத்திலும் ஒன்றே. மாறினால் ஜூனிலேயே மாறு. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போன பிறகு எந்தத் தலைமையாசிரியரும் தயங்குவார். என்னைக் கேட்டால் பத்தை அங்கேயே முடி. 11-க்கு ஊரே குரூப் பார்த்துப் பள்ளி மாறும். அப்போது யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

பதில்: ஒரு தாய், உசிலம்பட்டி

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை ஒரு வருடம் மாடிப்படி ஏறி இறங்கியது போதாதா? என் மகன் பத்தில்தான் மாறினான். நடத்திய பாடத்தையே மறுபடி நடத்துகிறார்கள் என்று ஆடி மாதம் வரை முணுமுணுத்தான். ஆனால் இரவில் தூங்கினான், சாப்பாட்டில் மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அது போதும்.

ஒன்று பார்த்துக்கொள்ளம்மா. உங்கள் ஊர்ப் பள்ளி மேல்நிலைப் பள்ளியா, உயர்நிலைப் பள்ளியா? உயர்நிலை என்றால் பத்தோடு சரி, அடுத்த வருடம் மறுபடி அலைச்சல்.

கேள்வி கேட்டவர்

பத்தோடு சரிதான் அக்கா. அதனால் நேராகத் திருமங்கலத்தில் மேல்நிலைப் பள்ளிக்கே போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பூக்கூடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சரி என்றார். கட்டணத்தில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தருவார்களா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்

முடிவு செய்துவிட்டாய், நல்லது. பாக்கிக்காகச் சான்றிதழை நிறுத்தக் கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. அப்பாவை வாயால் கேட்கவிடாதே. கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கச் சொல். இழுத்தடித்தால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் போகலாம். பாக்கியைப் பூ விலை ஏறும்போது கட்டிவிடுங்கள், அது வேறு கணக்கு.