மறு: உடலுக்கு வெளியே உயிரோடு வைத்திருக்கும் நுரையீரல் – என்ன பெயர்?

> "புறவுடல் நுரையீரல் குருதியூட்டல்" என்று வைத்துவிடலாமே.

ஐயா, வணக்கம். மாற்று அறுவைக்கு முன் கொடையாளரின் நுரையீரலை உடலுக்கு வெளியே இயங்கவைக்கும் 'எக்ஸ் விவோ லங் பெர்ஃபியூஷன்' முறைக்கு நீங்கள் தந்த இந்தப் பெயரில் இரண்டு சொற்கள் எனக்கு உறுத்துகின்றன.

முதலாவது குருதி. பெர்ஃபியூஷன் என்பது உறுப்பின் இரத்தக்குழாய்கள் வழியே திரவம் ஓடுவது. உடலுக்குள் நடக்கும் பெர்ஃபியூஷனைக் குருதியூட்டம் என்றால் சரி. இங்கே, கொடையாளரிடமிருந்து எடுத்த நுரையீரலை மூடிய கலத்தில் வைத்து, மூச்சுக்குழாயில் வென்டிலேட்டரை இணைத்து, நுரையீரல் தமனி வழியே ஒரு கரைசலைச் செலுத்துகிறார்கள். ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் உருவாக்கிய கரைசல் அது. ஆல்புமின் என்ற புரதமும் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சேர்மமும் சேர்ந்தது. திசுவில் தேங்கிய நீரை இரத்தக்குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். ஊறிக் கனத்த நுரையீரல் இலேசாவது அதனால்தான். லுண்ட் முறையில் சிவப்பணு கலப்பார்கள், உண்மை. கனடாவின் டொராண்டோ முறையில் ஒரு சிவப்பணுகூடக் கிடையாது. பெயர் இரண்டுக்கும் பொருந்த வேண்டுமே! அதோடு, குருதியூட்டல் என்றதும் நம்மவர்கள் இரத்தம் ஏற்றுவதைத்தான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை 'ஊடுபாய்ச்சல்'. கிணற்று நீரோ வாய்க்கால் நீரோ, வயலுக்குப் பாய்ச்சுவது பாய்ச்சுவதுதான். அளவு பார்ப்பதும் அப்படியே. கொடையாளரின் உடலளவுக்குக் கணக்கிட்ட இதய வெளியேற்றத்தில் (இதயம் நிமிடத்துக்கு வெளியே தள்ளும் இரத்த அளவில்) சுமார் 40 சதவீதம் மட்டுமே டொராண்டோவில் பாய்ச்சுகிறார்கள். மடையை முழுக்கத் திறந்தால் வரப்பு தாங்காது. வெறும் 'பாய்ச்சல்' என்றால் புலி வந்து நிற்கும், அதற்குத்தான் ஊடு. கிளைச்சொற்களும் கிடைக்கின்றன: பாய்வது ஊடுபாய்மம், கருவியை இயக்குபவர் ஊடுபாய்ச்சுநர்.

அடுத்து, புறவுடல். புறநகர் நகரின் விளிம்பு. அந்தக் கணக்கில் புறவுடல் தோலாகிவிடும். 'உடற்புறம்' என்று திருப்பிப் போட்டாலும் தப்பவில்லை, நகர்ப்புறம் நகருக்குள்தானே இருக்கிறது. 'உடல்வெளி' எனலாமா? விண்வெளி மாதிரி ஒலிக்கிறது, ஆனாலும் பொருள் பிறழவில்லை.

> ரீகண்டிஷனிங் = மறுசீரமைப்பு

ரீகண்டிஷனிங் என்பது நுரையீரலை மீண்டும் நல்ல நிலைக்குக் கொண்டுவருவது. மறுசீரமைப்போ அரசாணையில் துறைகளைப் பிரிக்கும்போது வருகிற சொல். பனிக்கட்டிப் பெட்டியில் வந்த நுரையீரலைப் படிப்படியாக 37 டிகிரிக்குச் சூடாக்கி, சில மணி நேரம் மூச்சுவிட வைத்து, ஆக்சிஜன் ஏறுகிறதா, விறைப்பு குறைகிறதா என்று பார்க்கிறார்கள். காய்ச்சலில் கிடந்தவரை "உடம்பு தேறிடுச்சா?" என்று கேட்கிறோமே, அந்த வினையே போதும்: தேற்றல்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த முறை சிகிச்சை மட்டுமல்ல, சோதனையும்கூட. டொராண்டோக் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படியே பொருத்தத் தயங்கும் நிலையிலிருந்த 23 கொடையாளர்களின் நுரையீரல்களை 4 மணி நேரம் ஊடுபாய்ச்சினார்கள். 20 பேருடையவை தேறின. நோயிலிருந்து தேறுவதற்கும் பரீட்சையில் தேறுவதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது இங்கே எவ்வளவு பொருத்தம், பாருங்கள்.

ஆகவே என் ஓட்டு 'உடல்வெளி நுரையீரல் ஊடுபாய்ச்சல்', பேச்சு வழக்குக்கு 'நுரையீரல் தேற்றல்'. சுருக்குகிறேன் என்று யாரும் அதைத் 'தேற்றம்' ஆக்கிவிடாதீர்கள், பித்தாகரஸ் வந்துவிடுவார்.