கிரியேட்டினின் நார்மல்னா கிட்னி நல்லா இருக்குன்னு அர்த்தமா? (ஸ்பைனா பைஃபிடா, வயசு 27)

கண்டனூர்க்காரன்:

ஸ்பைனா பைஃபிடா, அதாவது முதுகெலும்பு சரியா மூடாம, முதுகுல கட்டியோட பொறந்தவன் நான். பொறந்த வாரமே மதுரையில ஆபரேஷன் ஆச்சு. ரெண்டு காலுக்கும் காலிப்பர் (காலைத் தாங்குற கம்பிப் பட்டை), கையில ஊன்றுகோல். காரைக்குடியில ஒரு சேலைக்கடையில கணக்கு பார்க்கிறேன்.

சின்ன வயசுலேருந்து டியூப் விட்டுத்தான் யூரின் எடுக்கிறேன். கடையில பாத்ரூம் பின்கட்டுல, படியும் உயரம். அதனால காலையில வீட்டுல எடுத்துட்டுக் கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்கு வரும்போதுதான் அடுத்தது. அப்புறம் ராத்திரி கடை சாத்தின பிறகு. நடுவுல கசிவே கிடையாது, அது பெரிய நிம்மதி.

போன மாசம் ஸ்கேன்ல இடது கிட்னியில லேசா நீர் கோத்திருக்குன்னு எழுதியிருந்தாங்க. ரத்தத்துல கிரியேட்டினின் 0.7. நார்மல்தான், பயப்படாதேன்னு டாக்டர் சொல்லிட்டார். யூரின்ல எப்பவும் பஸ் செல்ஸ் (சீழ் அணுக்கள்) வருது, ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் எழுதுறாங்க. சின்னப்பிள்ளையில பார்த்த டாக்டர் "நீ பெரியவனாயிட்ட, இனி வேற இடம் பாரு"ன்னுட்டார். ஆத்தா தூங்காம கவலைப்படுறாங்க. இப்படியே விடலாமா?

புதுவயல்:

தண்ணி நிறைய குடிங்க தம்பி. வாழைத்தண்டு ஜூஸ் வாரம் மூணு நாள் எடுங்க. எங்க மாமாவுக்குக் கல்லே கரைஞ்சுது.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, விடாதீங்க. எனக்கு 46 வயசு, நானும் உங்களை மாதிரியே பொறந்தவதான். வாழைத்தண்டு நல்ல கறி, சமைச்சுச் சாப்பிடுங்க. ஆனா உங்க பிரச்சினை கல் இல்ல, அழுத்தம்.

முதல்ல அந்த 0.7. கிரியேட்டினின் சதையிலேருந்து வர்ற கழிவு, கிட்னி அதை வெளியேத்தும். நம்ம காலும் இடுப்பும் மெலிஞ்சிருக்கு, சதை கம்மி, அதனால அந்த நம்பர் எப்பவும் கம்மியாத்தான் காட்டும். ஓடியாடி வேலை செய்யிற ஆளுக்கு 0.7 நல்ல சேதி. நமக்கு அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ஸ்கேன்ல நீர் கோத்திருக்குன்னு கண்ணுக்கே தெரியுது, அதை நம்புங்க.

ரெண்டாவது, கசிவே இல்லைன்னு நிம்மதிப்படுறீங்களே, என் மனசுல நின்னது அதுதான். மூத்திரப்பை சுருங்கி அமுக்கும்போது அதோட வாய் திறக்கணும். நம்மள்ல பல பேருக்கு நரம்புக் கோளாறால அது இறுக மூடிக்கும். அப்ப உள்ள அழுத்தம் ஏறி, கிட்னியிலேருந்து இறங்கி வர்ற யூரின் தடைபடும், சில பேருக்கு மேல ஏறியும் போகும். அழுத்தம் 40 சென்டிமீட்டர் தண்ணி அளவைத் தாண்டித்தான் கசிவு வருதுன்னா கிட்னிக்கு ஆபத்துன்னு 1981லேயே டாக்டர்கள் எழுதிட்டாங்க. கசியுறவங்க அவமானத்துல அழுவாங்க, ஆனா டாக்டரைத் தேடியாவது போவாங்க. கசியாதவங்களுக்கு வலியும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

அதனால நீங்க கேட்க வேண்டிய டெஸ்ட் யூரோடைனமிக்ஸ். மூத்திரப்பையில மெல்லிசா ஒரு டியூப், ஆசனவாயில ஒண்ணு வச்சு, உள்ள மெதுவா சலைன் நிரப்பி அழுத்தத்தை அளப்பாங்க. கூச்சமா இருக்கும், வலி பெருசா இருக்காது. கிட்னி டாக்டர்கிட்ட மட்டும் போனா பத்தாது, இதுக்கு யூராலஜிஸ்ட், அதாவது மூத்திரப்பை, மூத்திரக் குழாய் பார்க்கிற சிறப்பு டாக்டர் வேணும். மதுரையில இருக்காங்க.

அதுவரைக்கும் இன்னைக்கே செய்ய வேண்டியது: அளவு போட்ட ஜாடி ஒண்ணு வாங்கி, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வருதுன்னு நேரத்தோட எழுதுங்க. ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல போகக்கூடாது. போச்சுன்னா இடைவெளி அதிகம்னு அர்த்தம். பொதுவா ஒரு நாளைக்கு நாலுலேருந்து ஆறு தடவை எடுக்கணும். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணியைக் குறைக்காதீங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அது ஆகாது. வயித்தை அமுக்கி எடுக்கிற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, அழுத்தம்தான் கூடும்.

டெஸ்ட்ல அழுத்தம் அதிகம்னு வந்தா ஆக்சிபியூட்டினின் மாத்திரை தருவாங்க. வாய் காயும், மலச்சிக்கல் வரும். சிக்கல் வந்தா மூத்திரப்பையும் கெடும், அதனால அதைச் சேர்த்தே பார்க்கணும். மாத்திரை ஒத்துக்கலைன்னா மூத்திரப்பைச் சதையில போடுற போடாக்ஸ் ஊசி இருக்கு. கடைசியா ஆபரேஷன். எனக்குச் சிறுகுடல்ல ஒரு துண்டை வெட்டி மூத்திரப்பையோட ஒட்டியிருக்கு. குடல் குடலாத்தான் நடந்துக்கும், சளி சுரந்துக்கிட்டே இருக்கும். சில நாள் காலையில டியூப்ல கஞ்சி ஆடை மாதிரி திரிதிரியா வந்து அடைக்கும். சலைன் விட்டுக் கழுவுவேன். கழுவலைன்னா கல் சேரும். வருஷா வருஷம் வைட்டமின் பி12 பார்க்கணும். எனக்கு வயித்துவலி வந்தா பை கிழிஞ்சிருக்கலாம்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

நம்ம பக்கம் பிள்ளையைப் பிழைக்க வைக்க அவ்வளவு பேர் நிக்கிறாங்க. 18 தாண்டினா ஆளே கிடையாது. ஒரு காலத்துல நம்ம மாதிரி பிறந்தவங்க நிறைய பேரைக் கொண்டுபோனது கிட்னிதான். அதைத் தெரிஞ்சுக்கிட்டும் பெரியவங்களை இப்படி நடுத்தெருவுல விடுறது எனக்குப் பொறுக்கல.

லேப் டெக்னீஷியன், காரைக்குடி:

ஆச்சி சொன்னது சரி. சதை கம்மியா இருக்கிறவங்களுக்கு சிஸ்டாட்டின் சிங்கிற ரத்தப் பரிசோதனை பார்த்தா கிட்னி நிலைமை இன்னும் சரியாத் தெரியும். எல்லா லேப்லயும் இல்ல, வெளியூருக்கு அனுப்புவாங்க. அப்புறம் அந்த பஸ் செல்ஸ். டியூப் போடுறவங்க யூரின்ல கிருமி இருக்கிறது சகஜம். காய்ச்சல், குளிர், ரத்தம், வலி, புதுசா கசிவு, இதுல ஒண்ணும் இல்லைன்னா ஆன்டிபயாடிக் வேண்டியதில்லைன்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க. சும்மா சும்மா போட்டா தேவைப்படுற நாள்ல மருந்து கேட்காது. காய்ச்சல் வந்து கல்ச்சர் (எந்தக் கிருமின்னு வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) கொடுத்தா, புது டியூப் போட்டு எடுத்த யூரினைக் கொடுங்க.

கண்டனூர்க்காரன்:

ஆச்சி, நேத்து அளந்தேன். மதியம் 650, ராத்திரி 700. பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. அடுத்த வாரம் மதுரை போறோம். கடையில நடுவுல எடுக்கணும்னா முதலாளிகிட்ட எப்படிக் கேட்கிறதுன்னுதான் தெரியல.

தேவகோட்டை ஆச்சி:

நேரா கேளுங்க தம்பி. பின்கட்டு பாத்ரூம் வேண்டாம், சரக்கு வைக்கிற ரூம்ல ஒரு மூலை போதும். தாழ்ப்பாள் போட்ட கதவு, ஒரு நாற்காலி, மூடி போட்ட ஜாடி, கை கழுவ சோப்பும் தண்ணியும். ஆஸ்பத்திரி அளவுக்குச் சுத்தம் தேவையில்ல, கை சுத்தமா இருந்தா போதும்னு லேபிடஸ்னு அமெரிக்க டாக்டர் 1972லேயே எழுதிட்டார். கல்யாண வீட்டுல நான் போன உடனே வீட்டு ஆச்சிகிட்ட முகப்புக்குப் பக்கத்து ரூம் சாவியைக் கேட்டு வாங்கிடுவேன். நாலு கட்டு தாண்டி நடக்க மாட்டேன். ஒருத்தரும் மறுத்ததில்ல.

மதுரைக்கு அந்த நோட்டு, பழைய ஸ்கேன் எல்லாம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துட்டுப் போங்க. நமக்கு லேடெக்ஸ் ரப்பர் அலர்ஜி வர வாய்ப்பு அதிகம், அதை முதல்லயே சொல்லிடுங்க, ரப்பர் இல்லாத கையுறை போட்டுக்குவாங்க. நடை சமீபத்துல மாறியிருந்தாலோ முதுகு வலிச்சாலோ அதையும் சொல்லுங்க, தண்டுவடம் இழுபட்டிருக்கான்னு எம்ஆர்ஐ பார்ப்பாங்க. வலிக்குன்னு டைக்ளோஃபெனாக், புரூஃபன் வாங்கிப் போடாதீங்க, கிட்னிக்கு ஆகாது. டெஸ்ட்ல அழுத்தம் எவ்வளவுன்னு வந்ததும் அந்த நம்பரை இங்க எழுதுங்க.